மூச்சுக்கு ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்த மாதிரி நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர்கள், பஃப் அடிப்பவர்கள் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நம் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை வேலை செய்கிறவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நாலைந்து வருடமாக வீசிங். சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். ஒரு நாள் இடுப்பு வலி தாங்காமல், வேலை முடிந்து போகிற வழியில் ஒரு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். கடைக்காரர் வேறு எதுவும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் மூக்கு ஒழுகி, முகம் சிவந்து, மூச்சு அடைத்துவிட்டது. பஃப் மேல் பஃப் அடித்தும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இரண்டு நாள் ஆக்சிஜன். பிழைத்து வந்துவிட்டார், அதுவே பெரிய விஷயம்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “சார், பம்பும் மாத்திரையும் உள்ள போயி ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்கிச்சா?”

நான் வரலாறு நடத்தியவன், டாக்டர் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்குள் இருநூறு வருட வரலாறு இருப்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். மருத்துவர் அவருக்குச் சொன்னதையும், நான் படித்ததையும் சேர்த்து அவருக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் மூச்சு மருந்தின் கதை. அது தொடங்குகிற இடங்களில் ஒன்று நம் மெட்ராஸ் என்றால் நம்புவீர்களா?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்ட அதே ஆண்டர்சன்தான். இந்த நாட்டில் இழுப்பு நோய்க்கு ஊமத்தை வேரை நறுக்கிப் புகைக்கிற வழக்கம் இருப்பதைப் பார்த்து, அவரும் நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தார். மெட்ராஸில் இருந்த ஜெண்ட் என்ற ராணுவ அதிகாரி 1802இல் அந்தச் செய்தியையும் மருந்தையும் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே ஊமத்தை இனத்தின் இன்னொரு செடியை வைத்து அதே வைத்தியம் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் ‘ஆஸ்துமா சிகரெட்’ விற்பனை கொடிகட்டிப் பறந்தது. உள்ளே இருந்தது ஊமத்தை இலைதான்.

அது வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. ஊமத்தையில் அட்ரோபின் வகைப் பொருள்கள் இருக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கச் சொல்லும் நரம்பின் கட்டளையை அவை தடுக்கும். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் ஊமத்தை உயிர்க்கொல்லி. புத்தி பேதலிக்கும், இதயம் தாறுமாறாக ஓடும். ‘சார் எழுதியிருக்கிறார்’ என்று யாரும் வேலியோரம் போய்ப் பறித்துவிடாதீர்கள்! விஞ்ஞானிகள் அந்தப் பொருளின் அமைப்பை மாற்றி, மூச்சுக்குழாயில் மட்டும் வேலை செய்து ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி செய்தார்கள். 1970களில் வந்த இப்ராட்ரோபியம் அப்படிப்பட்டது. இன்று ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்கும்போது அந்தப் புகைக்குள் பெரும்பாலும் இதுவும் இருக்கும். அதன் தம்பி டியோட்ரோபியம் இன்ஹேலராக வருகிறது. மெட்ராஸ் ஊமத்தையின் பேரப்பிள்ளைகள் என்று இவற்றைச் சொன்னால் தப்பில்லை.

பீங்கான் ஊர்க்காரர்களான நமக்குப் பிடித்த ஒரு செய்தியும் இதில் உண்டு. ‘இன்ஹேலர்’ என்ற பெயரை 1778இல் முதலில் வைத்தவர் ஜான் மட்ஜ் என்ற ஆங்கில மருத்துவர். அவருடையது மூடி போட்ட ஈயக்கலவைக் குவளை. 1860களில் லண்டனில் ‘நெல்சன் இன்ஹேலர்’ வந்தது. அது முழுக்க சுட்ட மண்ணில் செய்து மெருகு பூசிய ஜாடி. உள்ளே கொதிநீரும் மருந்தும். மேலே தக்கையில் செருகிய கண்ணாடிக் குழாய். பக்கவாட்டில் காற்று நுழைய ஒரு மூக்கு. குழாயில் வாய் வைத்து இழுத்தால் ஆவி நெஞ்சுக்குள் போகும். நம் ஊர் ஊறுகாய் ஜாடிக்கு ஒரு மூக்கு வைத்த மாதிரி இருக்கும். சூட்டைத் தாங்கும், கழுவலாம், மருந்தோடு சேர்ந்து துருப்பிடிக்காது. பீங்கானின் குணமெல்லாம் அங்கே பயன்பட்டது.

பாக்கெட்டில் அடங்குகிற இன்ஹேலர் வந்தது 1956இல். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ‘தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஏன் வரக்கூடாது?’ என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். கேள்வி கேட்கிற பிள்ளையை அடக்காதீர்கள் என்று நான் ஏன் ஆசிரியர் கூட்டத்தில் எப்போதும் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? அளந்து ஒரு தடவைக்கு இவ்வளவு என்று தெளிக்கும் இன்ஹேலர் அப்படித்தான் பிறந்தது. அதில் இருந்த ஐசோபிரினலின் மூச்சுக்குழாயை விரித்தது, இதயத்தையும் விரட்டியது. 1960களில் வீரியம் கூட்டிய வகை வந்தபோது பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்கள் கூடின. அதைவிடப் பாதுகாப்பாக டேவிட் ஜாக் என்பவரின் குழு உருவாக்கிய சால்பியூட்டமால் 1969இல் விற்பனைக்கு வந்தது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972இல். இந்தியாவில் சிப்லா கம்பெனி 1976இல் இன்ஹேலர் மருந்தைக் கொண்டுவந்தது.

இப்போது வலி மாத்திரையின் கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார். கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த வில்லோ மரத்தின் பட்டையைத் தற்செயலாகக் கடித்துப் பார்த்தார். சின்கோனா போலவே கசந்தது. காயவைத்துப் பொடித்து, குளிர்காய்ச்சல் வந்த சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு 1763இல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டையிலிருந்து சாலிசின் 1828இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1897இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன், வயிற்றை அவ்வளவாகக் கெடுக்காத வடிவத்தில் அதைத் தயாரித்தார். 1899இல் ‘ஆஸ்பிரின்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்த வேலையை வழிநடத்தியவன் நான் என்று ஆர்தர் ஐக்கெங்ரூன் என்ற யூத வேதியியலாளர் 1949இல் எழுதினார். நாஜி முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர் அவர். அந்த வழக்கு இன்னும் வரலாற்றுக்காரர்களுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

என் சின்ன வயதில் ‘ஆஸ்ப்ரோ’ பெட்டிக்கடையில் கிடைக்கும். பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் தொங்கும். தலைவலி என்றால் ஒரு சோடாவோடு அதை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார்கள். அது எல்லோருக்கும் ஒத்துப்போகிற சாதாரணப் பொருள் என்ற எண்ணம் அப்படித்தான் நம் ரத்தத்தில் ஊறியது.

ஆனால் ஆபத்து ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 1922இல் பாரிஸில் ஃபெர்னான் விடால் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார்கள். ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்பதே அது. டைஃபாய்டுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது ‘விடால் டெஸ்ட்’ என்கிறோமே, அந்த விடால்தான். ஆனால் அவர்கள் எழுதியது பிரெஞ்சில். ஆங்கில உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 46 வருடம் போனது. 1968இல் சிகாகோவில் மேக்ஸ் சாம்ட்டரும் ரோலண்ட் பியர்ஸும் அதே மூன்றையும் விரிவாக எழுதியபோதுதான் உலகம் விழித்தது. சாம்ட்டர் பெர்லினில் பிறந்து, நாஜி ஆட்சிக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போனவர். இன்றும் பலர் அதைச் சாம்ட்டர் முக்கோணம் என்றே சொல்கிறார்கள். ஒரு உண்மை ஒரு மொழிக்குள் அடைபட்டுக் கிடந்தால் எத்தனை பேர் மூச்சுத் திணற வேண்டியிருக்கிறது, பாருங்கள். நான் இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மறு வருடத்தைக் கவனியுங்கள். 1969. பிரிட்டனில் ஒரு கம்பெனியிலிருந்து சால்பியூட்டமால் இன்ஹேலர் வெளிவந்த அதே ஆண்டில், பூட்ஸ் என்ற இன்னொரு கம்பெனியிலிருந்து ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவின் கண்டுபிடிப்பான ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையும் வெளிவந்தது. 1970களில் டைக்ளோஃபெனாக் வந்தது. மூச்சு மருந்தும் வலி மருந்தும் ஒரே காலத்தில் வீட்டு அலமாரிக்குள் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ‘ஆஸ்பிரின் வேண்டாம்’ என்றால் ‘இது ஆஸ்பிரின் இல்லையே’ என்று மற்றதை எடுக்கிற காலமும் வந்துவிட்டது.

அது ஏன் தப்பு என்று காட்டியது இரண்டு ஆராய்ச்சிகள். 1971இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உறுப்பு எது தெரியுமா? கினிப் பன்றியின் நுரையீரல். உடலில் வலியையும் வீக்கத்தையும் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன என்று நிறுவினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்தது போலந்தின் கிராகோவ் நகர மருத்துவர் ஆந்திரே ஷ்செக்லிக். 1975இல் அவருடைய குழு வெவ்வேறு வலி மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தது. வேன் சொன்ன அந்தத் தடுப்பு வேலையைப் பலமாகச் செய்கிற மருந்துகள்தான் ஆஸ்துமாவையும் கிளப்புகின்றன என்று தெரிந்தது. ஆக, இது ஒரு மாத்திரையின் குற்றமல்ல, அந்தக் குடும்பத்தின் வேலை முறையே காரணம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், கீட்டோரோலாக் எல்லாமே ஆபத்தாகலாம்.

உள்ளே நடப்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரே மூலப்பொருளிலிருந்து உடல் இரண்டு சரக்கு செய்கிறது. ஒன்று புரோஸ்டாகிளாண்டின். இன்னொன்று லூக்கோட்ரையின். இந்த இரண்டாவது, மூச்சுக்குழாயை இறுக்கி, வீங்கவைத்து, சளியைக் கூட்டும். புரோஸ்டாகிளாண்டினில் ஒரு வகை, இந்த லூக்கோட்ரையினுக்குக் கடிவாளம் மாதிரி இருந்து அடக்கி வைக்கிறது. வலி மாத்திரை புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும்போது வலியும் போகிறது, கடிவாளமும் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சிலருடைய உடலில் மட்டும், அவிழ்த்துவிட்ட காளை மாதிரி லூக்கோட்ரையின் பாய்கிறது. இந்தப் பொருளின் இருப்பு 1938இலேயே ஆஸ்திரேலியாவில் தெரிந்துவிட்டது. ஃபெல்ட்பெர்க், கெல்லவே என்ற இருவர் நுரையீரலுக்குள் நாகப்பாம்பு விஷத்தைச் செலுத்திப் பார்த்தபோது கிடைத்தது. அதன் அமைப்பைச் சுவீடனின் சாமுவெல்சன் 1979இல் கண்டறிந்தார். வேனோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். ராத்திரியில் போடச் சொல்கிறார்களே மான்டெலுகாஸ்ட் மாத்திரை, அது இந்த லூக்கோட்ரையினின் வேலையைத் தடுக்க வந்ததுதான்.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்குப் பதில்: பம்பும் மாத்திரையும் சண்டை போடவில்லை. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. மாத்திரை சண்டை போட்டது உன் உடம்போடு. பம்பு உனக்காகப் போராடியது, அதற்கு மட்டும் தனியாகச் சமாளிக்க முடியவில்லை.

வயதுவந்த ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இந்த ஒவ்வாமை இருக்கிறது என்கிறார்கள். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் அது இரண்டு மடங்கு. இது பெரும்பாலும் பிறவியிலிருந்து வருவதல்ல. முப்பது, நாற்பது வயதில் தொடங்குகிறது. முதலில் தீராத ஜலதோஷம், பிறகு மூக்கில் சதை, வாசனை தெரியாமல் போவது, பிறகு வீசிங், அதன் பிறகு ஒரு நாள் மாத்திரை. ‘போன வருஷம் இதே மாத்திரை போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்பது உத்தரவாதம் ஆகாது. நம் மாணவரும் அதையேதான் சொன்னார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “குழம்பு வாசனை தெரியுதா?” என்பது. அவருக்கு மூன்று வருடமாகத் தெரியவில்லை. பேட்டைத் தூசியால் அப்படி என்று நினைத்து விட்டுவிட்டார்.

தூசி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தின் வெள்ளைக் களிமண் நம் ஊருக்கு வந்ததால் அகல்விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்தோம், பலர் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்த மண்ணோடு சேர்க்கிற குவார்ட்ஸ் பொடியின் நுண்தூசி நுரையீரலைத் தழும்பாக்கும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் தொழிலாளர்களுக்கு வந்த அந்த நோயை அந்தக் காலத்தில் ‘குயவர் ஆஸ்துமா’ என்றார்கள். அங்கே வைத்தியம் பார்த்த ஆர்லிட்ஜ் என்ற மருத்துவர் 1892இல் தொழில் நோய்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். உண்மையில் அது ஆஸ்துமா அல்ல, சிலிக்கோசிஸ். இன்ஹேலர் அதைக் குணப்படுத்தாது. பேட்டையில் வேலை செய்கிறவர்கள் மூச்சு வாங்கினால், ‘எல்லாம் வீசிங்தான்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் பம்பை வாங்கி அடிக்காமல், எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் எடுத்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தரையைத் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள்.

இனி, வீட்டுப்பாடம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. வீசிங் உள்ளவர் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும், எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் உட்பட, முதல் வார்த்தையாக ‘எனக்கு ஆஸ்துமா இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. மாத்திரை அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். பிராண்ட் பெயர் ஏமாற்றும். பாரசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக்கோ டைக்ளோஃபெனாக்கோ கலந்த மாத்திரைகள் நம் கடைகளில் ஏராளம்.

3. வலி மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகல், கண் சிவப்பு, இழுப்பு வந்தால் அதைத் தற்செயல் என்று விடாதீர்கள். இன்ஹேலரை டாக்டர் சொன்ன முறையில் எடுங்கள், அடங்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். போட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

4. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வலிக்கு வழியே இல்லை என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குப் பாரசிட்டமால் 500 மி.கி. ஒத்துக்கொள்கிறது. ஒரே தடவையில் 1000 மி.கி. போட்டால் சிலருக்குத் தொந்தரவு வரலாம். வேறு வகை மருந்துகளும் உண்டு. எது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். ஆஸ்பிரின் கட்டாயம் தேவைப்படுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்குகிற முறையும் இருக்கிறது. வீட்டில் யாரும் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

5. இதய நோய்க்காக தினமும் சின்ன ஆஸ்பிரின் போடுகிறவர்கள், இந்தப் பதிவைப் படித்துவிட்டு நாளைக் காலையில் நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்துமாவும் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை அவர் சொன்னபடி நடங்கள்.

6. தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை, நன்றாக இருக்கிறது என்று நிறுத்தாதீர்கள். ஆஸ்துமா அடங்கியிருந்தால்தான் எந்த அதிர்ச்சியையும் உடல் தாங்கும். ‘பம்பு பழகிடும்’ என்று பயமுறுத்துகிற உறவினர்கள் (இதைப் படிக்கிற நம் வீட்டுப் பெரியவர்கள் உட்பட!) தயவுசெய்து அந்தப் பேச்சை விடுங்கள். நேரே நுரையீரலுக்குப் போவதால் அதில் இருப்பது மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து.

அந்த மாணவர் இப்போது நன்றாக இருக்கிறார். மூக்குக்கும் வைத்தியம் பார்க்கிறார். தன் ஆஸ்பத்திரி நோட்டின் முதல் பக்கத்தில் ‘ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகை ஆகாது’ என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். பள்ளியில் அவர் நோட்டில் சிவப்பு மையில் எழுதியது நான். அன்றைக்கு எழுதியதையெல்லாம்விட அவரே எழுதிக்கொண்ட இந்த ஒரு வரி உபயோகமானது. முந்தாநாள் போனில், “சார், வீட்ல கருவாட்டுக் கொழம்பு. வாசனை லேசா தெரியுது” என்றார்.

உங்கள் வீட்டிலும் யாருடைய நோட்டிலாவது அந்த வரி தேவைப்பட்டால் இன்றைக்கே எழுதி வையுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள். பழமலைநாதர் துணை.